பூச நட்சத்திரத்தருகே ஓர் இளமை வேஷம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் பெருஞ்சாலையில் ஒத்தக்கடையைக் கடக்கிறவர்களில் யானைமலையைப் பார்க்காமல் போகிறவர் எவரும் இல்லை. ஆனால் பொழுது சாய்ந்த பிறகு அந்த மலைக்கு மேலே விரிகிற ஆகாயத்தை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் இப்போது சொற்பமே. அவர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. நாற்கரச் சாலையின் விளக்குகளும், 2004-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றக் கிளை வந்து சேர்ந்ததிலிருந்து நாளுக்கு நாள் பெருகிய கடைகளும் குடியிருப்புகளும், சற்றுத் தள்ளி மதுரை நகரம் இரவெல்லாம் உமிழ்கிற வெளிச்சமும் ஒன்றுகூடி, மங்கிய நட்சத்திரங்களையெல்லாம் விழுங்கிவிட்டன. மலைக்குகையில் கற்படுக்கைகளின் மேல் சயனித்த சமண முனிவர்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், எத்தனை அடர்ந்த ஆகாயத்தைக் கண்டிருப்பார்கள் என்று எண்ணும்போது கொஞ்சம் பொறாமை கூட உண்டாகிறது.

எனினும் அந்த முனிவர்களின் கண்ணுக்கும் அகப்படாத ஓர் ஒளி உண்டு. விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டாலும், மேகமே இல்லாத தை மாதத்து இரவாக இருந்தாலும், பூமியின் மேல் நிற்கிற யாருக்கும் அது வந்து சேராது. ஊதா நிறத்துக்கு அப்பால் இருப்பதால் புற ஊதா ஒளி என்று அதற்குப் பெயர். மனிதக் கண் காண்பது ஏறக்குறைய 400 நானோமீட்டர் முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கிரணங்களை மட்டுமே. 300 நானோமீட்டருக்குக் கீழே போனால், வாயுமண்டலத்தில் உயரத்தே பரவியிருக்கிற ஓசோன் அவற்றை வழிமறித்து உறிஞ்சிவிடுகிறது. நம் தோலையும் பயிர்களையும் காப்பாற்றுகிற அந்த ஏற்பாடு உயிர்களுக்குப் பேருபகாரம். வானசாஸ்திரிகளுக்கோ தீராத இடையூறு. ஏனென்றால் ஒரு பொருள் எவ்வளவுக்கெவ்வளவு அதிக உஷ்ணமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதன் ஒளி குறுகிய அலைநீளங்களை நோக்கி நகர்கிறது. மேற்பரப்பில் சுமார் 5,500 டிகிரி உஷ்ணமுள்ள நம் சூரியன் தன் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியும் விதத்திலேயே தருகிறது. இருபதாயிரம் டிகிரி உஷ்ணமுள்ள நட்சத்திரமோ தன் செல்வத்தையெல்லாம் புற ஊதாவிலேயே செலவழித்துவிடுகிறது. ஆகவே பிரகாசமான ஒரு குளிர்ந்த நட்சத்திரத்தின் அருகில், உருவத்தில் சிறியதும் உஷ்ணத்தில் மிக்கதுமான இன்னொன்று ஒளிந்திருக்குமானால், அதை நேரடியாகக் காண ஏற்ற வழி வாயுமண்டலத்தைத் தாண்டிச் சென்று புற ஊதாவில் நோக்குவதுதான்.

இந்தக் காரியத்தை இந்தியா தானே மேற்கொண்டது 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி. அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று சுமார் 1,500 கிலோ எடையுள்ள அஸ்ட்ரோசாட் என்னும் செயற்கைக்கோளை ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 6 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில், கொண்டு சேர்த்தது. ஐந்து கருவிகள் அதில் இருந்தன. நான்கு எக்ஸ் கதிர்களை நோக்குபவை, ஐந்தாவது புற ஊதாத் தொலைநோக்கி. எக்ஸ் கதிர்க் கருவிகளின் சாதனைகளும் சிறியவை அல்ல. நண்டு நெபுலாவின் நடுவே சுழலும் பல்சாரிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களின் அதிர்வுத் திசை அதன் சுழற்சியோடு எவ்வாறு மாறுகிறது என்பதை அவற்றுள் ஒன்று அளந்து 2017-இல் வெளியான செய்தி உலக விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் என் மனம் செல்வது ஐந்தாவது கருவியின் பக்கமே. அதன் வம்சாவளி நம் பக்கத்து மலையிலிருந்து வருகிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிறுவிய வானோக்கு நிலையம் நூறாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து, கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றிலும் மேகமூட்டத்திலும் சலித்துப்போன பிறகு, அதன் ஆராய்ச்சிகள் அந்நாளில் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கோடைக்கானலுக்கு 1899-இல் இடம்பெயர்ந்தன. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். இன்றும் அந்த நிகழ்ச்சிக்கு உலகெங்கும் அவர் பெயரே வழங்குகிறது. 1960-இல் அதன் பொறுப்பை ஏற்ற வைணு பாப்பு, சூரியனோடு நின்றுவிட மனமின்றி நட்சத்திரங்களுக்கென ஓர் இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1971-இல் கோடைக்கானல் நிலையமே இந்திய வானியற்பியல் நிலையம் என்ற தனி ஸ்தாபனமாயிற்று. அதன் தலைமையகம் பிற்பாடு பெங்களூருக்குப் போயிற்று. காவலூரில் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1982-இலேயே காலமாகிவிட்டார். அந்த நிலையத்தார்தான், பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் உள்ள தம் கூடத்தில், அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியைக் கோத்து முடித்தார்கள். ஒளியை உணரும் பகுதிகள் கனடா நாட்டு விண்வெளி நிறுவனத்தின் கூட்டுறவோடு வந்தவை.

அந்தக் கருவியின் பரிமாணத்தைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்து 1990-இல் அனுப்பிய ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி 2.4 மீட்டர் குறுக்களவு உடையது. 2021-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தில் புறப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியினுடையது 6.5 மீட்டர். நம்முடையதோ 37.5 சென்டிமீட்டர், அப்படிப்பட்ட குழாய்கள் இரண்டு அருகருகே நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு குழாய் 130 முதல் 180 நானோமீட்டர் வரையுள்ள தொலைப் புற ஊதாவை வாங்குகிறது. மற்றொன்றில் புகும் ஒளி பிரிக்கப்பட்டு, ஒரு பங்கு அண்மைப் புற ஊதாவுக்கும் இன்னொரு பங்கு சாதாரண ஒளிக்கும் போகிறது. ஆகாயத்தில் ஒரே சமயத்தில் அது காணும் வட்டம் முழுநிலவின் அகலத்துக்கு ஏறக்குறையச் சமம். ஹப்பிளின் பார்வையோ அதில் ஒரு சிறு துண்டு. அதற்கு முன் புற ஊதாவில் வானத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்திருந்த அமெரிக்க கேலக்ஸ் தொலைநோக்கியைக் காட்டிலும் மூன்று மடங்குக்கு மேல் நுட்பமாக இது பிரித்துக் காட்டும். நெருங்கிக் கிடக்கும் நட்சத்திரக் கொத்துகளுக்குள் புகுந்து ஒவ்வொன்றையும் தனித்தனியே எண்ணுவதற்கு அந்த நுட்பம் இன்றியமையாதது.

புற ஊதாக் கண்ணாடிக்கு முதல் சத்துரு அழுக்கு. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்தாலே போதும், பிரதிபலிக்கும் சக்தி சரிந்துவிடும். ஆகையால் கருவி கோக்கப்பட்ட அறையின் காற்று இடைவிடாமல் வடிகட்டப்பட்டது. பிறகு தூய நைட்ரஜன் வாயு குழாய்களின் வழியே செலுத்தப்பட்டுக்கொண்டே இருந்தது. விண்ணுக்குச் சென்ற பின்னும், செயற்கைக்கோளின் உடலிலிருந்து கசியக்கூடிய ஆவிகளெல்லாம் அகன்று போகட்டும் என்று இரண்டு மாதம் கதவுகளை மூடியே வைத்திருந்து, நவம்பர் 30-ஆம் தேதிதான் திறந்தார்கள். பல ஆண்டு உழைப்பு தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்க, அதன் வாயிலைத் திறக்காமல் காத்திருந்த அந்த அறுபது சொச்ச நாட்களின் பொறுமை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இரண்டாவது சிக்கல் அசைவு. செயற்கைக்கோள் எவ்வளவு திறமையாக ஒரு திசையை நோக்கி நின்றாலும், மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருக்கும். நீண்ட நேரம் படமெடுத்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கோடாக இழுபட்டுவிடும். இதற்கு அவர்கள் செய்த உபாயம் அழகானது. படத்தை ஒரே மூச்சில் எடுக்காமல், வினாடிக்கு ஏறத்தாழ 29 துண்டுகளாக எடுக்கிறார்கள். கருவிக்குள் ஒரே ஓர் ஒளித்துகள் விழுந்தாலும், அது ஓர் எலெக்ட்ரானை எழுப்ப, அந்த ஒன்று பல்லாயிரமாகப் பெருகி ஒளித்திரையில் ஒரு மின்மினிப்பாக மாற, அதன் இடம் குறித்துக்கொள்ளப்படுகிறது. அதே வேளையில் சாதாரண ஒளிக் கிளையில் பிரகாசமான நட்சத்திரங்கள் எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தன என்ற கணக்கும் பதிவாகிறது. பிற்பாடு தரையில் அமர்ந்து, அந்த நகர்வைக் கழித்துவிட்டு, ஒவ்வொரு துகளையும் அது இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு மீட்டு வைக்கிறார்கள். ஆக, நாம் காணும் படம் எங்கும் எடுக்கப்பட்டதன்று. துகள் துகளாகச் சேர்த்துக் கட்டப்பட்டது. பூமியின் நிழலுக்குள் செயற்கைக்கோள் புகும்போதுதான் இந்த வேலைக்குத் தோதான இருள் கிடைக்கிறது என்பதால், நூறு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான ஒவ்வொரு சுற்றிலும் பயன்படுவது அரை மணி நேரமே.

இனி அது கண்டவற்றுள் ஒன்றை நின்று பார்க்கலாம். தைப்பூசத்தன்று முழுநிலவு எந்தப் பகுதியில் நிற்கிறதோ, அந்தப் பூச நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே, கடக ராசியில், எம் 67 என்று வானசாஸ்திரிகள் குறிக்கும் நட்சத்திரக் கொத்து ஒன்று இருக்கிறது. பத்து டிகிரி வட அட்சத்தில் உள்ள ஒத்தக்கடைக்கு அது அனேகமாக நேர் உச்சியில் வரும். தை மாதக் கடைசியில் நள்ளிரவை ஒட்டி, நிலவில்லாத இரவில், சாதாரண பைனாகுலரில் ஒரு புகைத்திட்டாகத் தெரியும். தூரம் ஏறக்குறைய 2,800 ஒளியாண்டு. வயது சுமார் 400 கோடி ஆண்டு. நம் சூரியனின் பருவம் என்று சொல்லலாம்.

ஒரு கொத்தில் உள்ள நட்சத்திரங்கள் ஒரே மேகத்திலிருந்து ஏக காலத்தில் பிறந்தவை. கனத்த நட்சத்திரம் தன் எரிபொருளை ஊதாரியாகச் செலவிட்டுச் சீக்கிரம் முடிந்துபோகும். இலேசான நட்சத்திரம் சிக்கனமாக வாழ்ந்து நீடிக்கும். ஆகவே 400 கோடி ஆண்டு கழிந்த கொத்தில், பிரகாசமும் நீலச்சாயலும் கொண்ட கனத்த நட்சத்திரங்கள் எப்போதோ மடிந்திருக்க வேண்டும். ஆனால் ஆலன் சாண்டேஜ் என்ற அமெரிக்கர் 1953-இல் எம் 3 என்ற வேறொரு கொத்தை ஆராய்ந்தபோது, மடிந்திருக்க வேண்டிய இடத்தில் சில நட்சத்திரங்கள் நீலமாக, இளமையாக, கூச்சமின்றிப் பிரகாசித்துக்கொண்டிருந்தன. ஒரே வகுப்பில் படித்தவர்கள் எழுபதாம் வயதில் ஒன்றுகூடும்போது, ஒருவர் மட்டும் முப்பது வயதுத் தோற்றத்தோடு வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எப்படித் திகைப்பார்களோ, அப்படித் திகைத்தார்கள் வானசாஸ்திரிகள். நீலப் பின்தங்கிகள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார்கள். பிறகு பார்த்த அனேக கொத்துகளிலும், எம் 67-லும், அவை இருந்தன.

இந்த இளமை எங்கிருந்து வந்தது? இரண்டு நட்சத்திரங்கள் மோதி ஒன்றாகியிருக்கலாம் என்று ஒரு கட்சி. பக்கத்துணையாகச் சுற்றிய இன்னொரு நட்சத்திரத்தின் உடலிலிருந்து வாயுவை இழுத்துக்கொண்டு கனம் ஏறியிருக்கலாம் என்று இன்னொரு கட்சி. பத்திரிகைகள் பின்னதைப் பிடித்துக்கொண்டு ரத்தக்காட்டேரி நட்சத்திரம் என்று எழுதின. கொஞ்சம் நாகரிகக் குறைவான பெயர்தான் என்றாலும் உண்மைக்கு வெகுதூரத்தில் இல்லை. வழக்கைத் தீர்க்கும் சாட்சி, பறிகொடுத்த அந்தத் துணைதான். மேலுடல் உரிந்துபோன அது, உள்ளே இருந்த சூடான கருவாக, வெண்குறளி நட்சத்திரமாக, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சாதாரண ஒளியில் அதன் பிரகாசமான ஜோடி அதை மறைத்துவிடும். புற ஊதாவிலோ, சூடான சிறியதுதான் முன்னே வந்து நிற்கும்.

பாலக்காட்டில் பிறந்து, இந்திய வானியற்பியல் நிலையத்தில் ஆராய்ந்து, 2019-இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற அன்னபூர்ணி சுப்பிரமணியம், அஸ்ட்ரோசாட்டின் கதவுகள் திறந்த ஓர் ஆண்டுக்குள்ளாகவே இத்தகைய சாட்சி ஒன்றை முன்வைத்தார். கருவியை அளவுகோலிட்டுச் சரிபார்ப்பதற்காகத் திரும்பத் திரும்ப நோக்கப்பட்டது என்.ஜி.சி. 188 என்னும் மிகப் பழைய கொத்து. வட துருவத்துக்கு வெகு அருகில் இருப்பதால் ஒத்தக்கடைக்கு அது அடிவானத்தை விட்டு அதிகம் எழும்பாது. செயற்கைக்கோளுக்கோ எந்த மாதமும் கிடைக்கும். அந்தக் கொத்திலுள்ள நீலப் பின்தங்கி ஒன்றின் ஒளியைப் புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை பலவகைத் தொலைநோக்கிகளின் அளவுகளோடு கோத்துப் பார்த்தபோது, 6,000 டிகிரி உஷ்ணமுள்ள ஒரே நட்சத்திரத்தால் அது நிறைவுபெறவில்லை. 17,000 டிகிரி உஷ்ணமுள்ள இன்னொன்றைச் சேர்த்தால்தான் கணக்கு நேராயிற்று. 2016-இல் இது வெளியாயிற்று.

எம் 67-இல் கிடைத்தது இன்னும் உறுதியானது. 2019-இல் என். சிந்து முதலானோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், நான்கு நாட்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஜோடியாகச் சுற்றிவரும் ஒரு நீலப் பின்தங்கியின் துணை, 13,000 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணமுள்ள வெண்குறளி என்று தெரிந்தது. அதன் கனம் சூரியனில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. இந்த எண்தான் விஷயத்தின் உயிர்நாடி. தனியாக வாழ்ந்து முடிகிற நட்சத்திரம் சாதாரணமாக விட்டுச்செல்லும் வெண்குறளி சூரியனில் பாதிக் கனமாவது இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்ச வேண்டுமென்றால், அத்தனை இலேசான நட்சத்திரம் தன் ஆயுளை இயல்பாக முடித்திருக்க வேண்டும், அதற்கோ பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டும் போதாது. ஆகவே அது தானாக இளைத்ததன்று, உருவப்பட்டது. கைமாறிய பொருள் எவரிடம் இருக்கிறது என்பதும் பக்கத்திலேயே தெரிகிறது.

வெண்குறளிகளைப் பற்றிப் பேசும்போது சுப்பிரமணியன் சந்திரசேகரை நினைக்காமல் இருக்க முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், பிரயாணத்தின்போதே, வெண்குறளியின் கனத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிடத் தொடங்கினார், சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று இன்று வழங்குவது அந்த வரம்பே. 1983-இல் நோபல் பரிசு வந்தது. 1999-இல் அமெரிக்கர் அனுப்பிய எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கிக்குச் சந்திரா என்ற பெயரும் வந்தது.

நட்சத்திரங்களை விட்டுக் காலக்ஸிகளுக்குப் போனால், அஸ்ட்ரோசாட் பார்த்த தூரம் வேறு. 2016 அக்டோபரில், ஹப்பிள் ஏற்கெனவே மிக ஆழமாக நோக்கியிருந்த தென்வானத்துச் சிறு பகுதியொன்றை, சுற்றுக்கு அரை மணியாகச் சேர்த்து 28 மணி நேரத்துக்கு மேல் அது நோக்கியது. புனேயைச் சேர்ந்த கனக் சாஹாவின் குழுவினர் அந்தப் பதிவுகளை ஏறக்குறைய இரண்டு ஆண்டு சோதித்து, 2020 ஆகஸ்டில், 930 கோடி ஒளியாண்டு தூரத்துக் காலக்ஸி ஒன்றிலிருந்து வரும் அபூர்வமான ஒளியை அறிவித்தார்கள். பிரபஞ்சம் விரிந்துகொண்டே வந்ததனால் அந்த ஒளி வழியில் 2.4 மடங்கு நீண்டுவிட்டது. புறப்பட்டபோது அதன் அலைநீளம் சுமார் 60 நானோமீட்டர். 91 நானோமீட்டருக்குக் குறைந்த ஒளி ஹைட்ரஜன் அணுவைப் பிளந்து எலெக்ட்ரானைப் பெயர்த்துவிடும். அதனாலேயே அது தான் பிறந்த காலக்ஸியின் வாயுவைத் தாண்டி வெளியே வருவது அருமை. பிரபஞ்சத்தின் இளம்பருவத்தில் எங்கும் நிறைந்திருந்த இருண்ட ஹைட்ரஜனைப் பிளந்து வெளியைத் தெளிவாக்கியது முதல் காலக்ஸிகளிலிருந்து தப்பிவந்த இத்தகைய கிரணங்களே என்று கருதுகிறார்கள். அவை எப்படித் தப்புகின்றன என்பதற்கு இது ஒரு நேரடி உதாரணம்.

அதே இடத்தை ஹப்பிளும் பார்த்திருந்ததே, அதற்கு ஏன் அகப்படவில்லை என்று கேட்கலாம். பெரிய கண்ணாடி அதிக ஒளியைச் சேர்க்கும் என்பது மெய்; ஆனால் கருவி தனக்குத்தானே எழுப்பிக்கொள்கிற சலசலப்பு அதிகமாக இருந்தால், மிக மெல்லிய ஒளி அதில் கரைந்துபோகும். துகள் துகளாக எண்ணுகிற நம் கருவியில் அந்தச் சலசலப்பு மிகச் சொற்பம். பெரிய நாடுகளின் பெரிய கருவிகளைப் பார்த்து ஏக்கங்கொள்கிற நம்மவர்கள் இந்த ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் தேவலை.

குறையைச் சொல்லாமல் விடுவதும் நியாயமன்று. அண்மைப் புற ஊதாக் கிளை 2018-இல் செயலிழந்துவிட்டது. தொலைப் புற ஊதாக் கிளையை வைத்துக்கொண்டு, ஐந்து ஆண்டுகளுக்கென்று திட்டமிட்ட கருவி அதைத் தாண்டியும் உழைத்தது. 2018-இலேயே அதன் பதிவுகள் பொதுவில் திறந்துவிடப்பட்டன. மதுரைக் கல்லூரியொன்றில் இயற்பியல் படிக்கும் மாணவியும் கணினி வழியே எடுத்து ஆராயலாம். ஒரு மீட்டர் கண்ணாடியோடு இன்சிஸ்ட் என்ற அடுத்த தொலைநோக்கிக்கான யோசனையையும் இந்திய வானியற்பியல் நிலையத்தார் முன்வைத்திருக்கிறார்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலை திரும்பிய பிறகு, வைகாசி மாதத்து முன்னிரவில், தெற்கே அடிவானத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், வெறும் கண்ணுக்கே ஒரு மங்கிய நட்சத்திரம்போல் தெரிவது ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்ட கொத்து அது. லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. அன்னபூர்ணி சுப்பிரமணியத்தின் குழுவினர் அதைத் தொலைப் புற ஊதாவில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டதில், மிக உஷ்ணமான முதிய நட்சத்திரங்களில் ஒரு பகுதி, சித்தாந்தம் எதிர்பார்த்ததைக் காட்டிலும் மங்கலாக இருந்தது. அந்த நட்சத்திரங்கள் வழக்கத்துக்கு மிஞ்சிய ஹீலியத்தோடு பிறந்த பரம்பரையைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்றும், தம் கடைசிப் பருவத்தில் தாமதமாக ஒருமுறை பற்றியெரிந்து தம் மேற்பரப்பையே உருமாற்றிக்கொண்டிருக்கலாம் என்றும் அவர்கள் விளக்கம் கூறினார்கள். அத்தனை ஹீலியம் அந்தக் கொத்துக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதில் வானசாஸ்திரிகளிடையே இன்னமும் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.